பதினான்காவது வரி

ஓடிப்போகவில்லை. நடந்துதான் போனார். காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, பகல் பதினோரு மணிக்கு நாலு பேர் பார்க்க நடந்து போன மனிதரை ஓடிப்போனவர் என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

இதை நேற்றுக் காலை மாடிப்படியில் வைத்து பக்கத்து வீட்டுக் கரண்ட் மீட்டர்காரர் மனைவியிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த துணி வாளி நழுவி மூன்று படி உருண்டது. கேள்வியைக் கேட்டுப் பயந்து அல்ல. எனக்குக் காது கேட்கிறது என்று தெரிந்து.

ஒரு வருடமாக இந்தக் கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் நான் செவிடு. வயசுக்குக் காது போய்விட்டது என்று மகள் சொல்லி வைத்ததை எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதனால் என் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். என் மாப்பிள்ளை அச்சுப் பிழை திருத்தும் பெண்ணோடு போய்விட்டார் என்றார்கள். பெண்டாட்டி தொல்லை தாங்காமல் போனார் என்றார்கள். மாமியார் தொல்லை என்றும் சொன்னார்கள், அதையும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு பூண்டு உரித்தேன். ஒரு வருடத்தில் நான் உரித்த பூண்டை இந்தத் தெருவே தின்றாலும் தீராது.

நேற்று பத்திரிகையில் அந்த வரி மறுபடியும் வந்திருந்தது. மீட்டர்காரர் மனைவி அதை எதிர்வீட்டுக்காரியிடம் காட்டி, "பாத்தியா? தேதிக்காரன் ஓடிட்டான், அவன் பொய் மட்டும் ஓடல. பத்தொம்பது பேராம்! இவன் கூட இருந்து எண்ணினானாக்கும்" என்றாள்.

"அவரு எண்ணல. நான் எண்ணினேன்" என்றேன்.

அப்புறம்தான் நியாயம் கேட்டேன். அப்புறம்தான் வாளி.

"பாட்டி... உங்களுக்குக் காது..."

"கேக்குது. நீ என்னைக் கெழட்டுக் கழுகுன்னு சொன்னதும் கேட்டுது. வாளிய எடு, தொவச்ச துணி அழுக்காகுது."

இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டேன்.   மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். பேத்தி தினமும் பத்திரிகையில் காலமானவர்கள் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். இதுவரை அவர் அதில் இல்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவள்தான்.

மாப்பிள்ளை பயப்படாத பொருள் உலகத்தில் குறைவு. லிஃப்டுக்குப் பயம். காலிங்பெல் அடித்தால் பயம், அடிக்காமல் கதவைத் தட்டினால் இன்னும் பயம். அரசாங்க முத்திரை போட்ட உறை வந்தால் இரண்டு நாள் மேசை மேலேயே வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். தரைத்தளத்தில் பூட்டு ரிப்பேர் செய்பவர் ஒரு கறுப்பு நாய் வைத்திருக்கிறார். கடைசிப் படியில் குறுக்கே படுப்பது அதன் வழக்கம். எட்டு வருடமாகத் தினமும் காலையில் நான் துடைப்பத்தோடு மூன்று மாடி முன்னால் இறங்க, அவர் என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்குவார். நாய் எழுந்து சோம்பல் முறித்து ஒதுங்கும். "ரொம்ப நன்றி அத்தை" என்பார். எனக்கா நாய்க்கா என்று தெரியாது.

வேலை ஒரு சின்ன நாளிதழில். ஆறாம் பக்கத்தின் மூலையில் 'இதே நாளில்' என்று ஒரு கட்டம் வருமே, அதை நிரப்புவது அவர். நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என்று மூன்று பிரிவு. எங்கோ ஒரு பாலம் திறந்தது, எங்கோ ஓர் எரிமலை வெடித்தது, பாட்டுக்காரர் பிறந்தார், ராஜா செத்தார். கட்டத்துக்குக் கீழே மூக்குக் கண்ணாடிக் கடை விளம்பரம். அதை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அதனால் கட்டத்துக்குப் பதினான்கு வரி. பதின்மூன்றும் கூடாது, பதினைந்தும் கூடாது.

இதற்காக அலுவலகத்தில் ஒரு நீளமான மரப்பெட்டி உண்டு. நாளுக்கு ஓர் அட்டை, முந்நூற்று அறுபத்தாறு அட்டை. பிப்ரவரி இருபத்தொன்பதின் அட்டை மட்டும் அழுக்குப் படாமல் புதுசு போல இருக்கும் என்பார். அவருக்கு முன்னால் இருந்தவர் எழுதினார், அவருக்கும் முன்னால் இருந்தவர் எழுதினார். அட்டையில் மையால் ஏறிவிட்டால் ஏறியதுதான். யார் எழுதியது, எங்கே கேட்டது என்று பிறகு வருபவர் விசாரிப்பதில்லை. பார்த்து எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.

மாப்பிள்ளை என் மகளைப் பார்த்ததும் ஒரு தேதியால்தான். அவள் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறாள். தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவது முதல் வேலை. ஒருநாள் மறந்துவிட்டாள். கவுண்டருக்கு வெளியே நின்ற ஓர் ஒல்லி மனிதர் தன் உறையைத் திருப்பிப் பார்த்து, "மன்னிக்கணும்ங்க, இது நேத்து. நேத்துதான் அந்த வானசாஸ்திரக்காரர் செத்தாரு. இன்னிக்கு பெரிய சாவு ஒண்ணுமில்ல" என்றாராம். இப்படியும் ஒருத்தன் பேசுவானா என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். நாலு மாதத்தில் அந்த ஒருத்தன் எனக்கு மாப்பிள்ளை.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்து அந்தப் பதினான்கு வரியையும் எனக்கு வாசித்துக் காட்டுவார். யுத்தம், பூகம்பம், கப்பல் மூழ்கியது எல்லாம் வாசிப்பார், குரல் கொஞ்சமும் ஆடாது. "நாய்க்குப் பயப்படுறீங்க, இத்தன சாவு வாசிக்கிறீங்களே மாப்பிள்ளை" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாய் உயிரோட இருக்கு அத்தை. இதெல்லாம் நடந்து முடிஞ்சது. முடிஞ்சது கடிக்காது."

அவர் செய்த தவறு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் செய்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வருடத்தில் ஒருநாள், கட்டம் எழுதுகிறவர் தன் வீட்டு ஆள் ஒருவரின் பிறந்தநாளைப் பெயர் போடாமல் ஒரு வரி நுழைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் கண்டும் காணாதது போல விட்டுவிடுவார். மாப்பிள்ளை அந்த உரிமையைப் பத்து வருடமாகத் தொடவே இல்லை, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று. போன வருடம் என் மகளுக்கு நாற்பது முடிந்தது. அப்போதுதான் துணிச்சல் வந்தது. 'பிறப்பு: இந்நகரின் தபால் முத்திரைப் பெண்மணி ஒருவர்' என்று எழுதிவிட்டு, முந்தின நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது என்னிடம் ரகசியமாகக் காட்டினார். அது அவருடைய பதின்மூன்றாவது வரி.

"ஒரு வரி குறையுது அத்தை."

"கண்ணாடிக் கடைக்காரன இன்னும் ஒரு ஜோடி கண்ணு வரையச் சொல்லுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. நிகழ்வுல ஒண்ணு வேணும். உங்க பொண்ணு பொறந்த அன்னிக்கு ஊர்ல ஏதாவது நடந்துச்சா? வெள்ளம், சர்க்கஸ், மந்திரி வந்தாரு, ஏதாவது?"

நாற்பது வருடம் திறக்காத வாய். ஏன் அன்றைக்குத் திறந்தேன் என்று ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். பெண்டாட்டி பிறந்ததை உலகச் செய்தியோடு சேர்த்து அச்சில் போடுகிற மனிதரிடம் மனசு இளகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

அன்று விடியற்காலையில் பொது ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்தேன். மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில். மத்தியானம் நூல் ஆலைப் பக்கம் புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டிகள் வந்தன, முன்வாசலுக்கு அல்ல, என் ஜன்னலுக்குக் கீழே இருந்த பின்முற்றத்துக்கு. ஒவ்வொருவராக இறக்கி வரிசையாகப் படுக்க வைத்து ஆலையின் வெள்ளைத் துணியால் மூடினார்கள். மடியில் குழந்தை. பெற்றவள் முதலில் என்ன செய்வாள்? பிள்ளைக்கு விரல் சரியாக இருக்கிறதா என்று எண்ணுவாள். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிய கை நிற்கவில்லை. கீழே ஒருவரை இறக்கும்போதெல்லாம் குழந்தையின் ஒரு விரலை மடக்கினேன். கை விரல் பத்தும் முடிந்தது. கால் விரலுக்குப் போனேன். கடைசி வண்டி போனபோது இடது காலின் சுண்டுவிரல் ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு விரலை சாயங்காலம் வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "நீ எதையும் பாக்கல. புள்ளைக்குப் பால் குடு" என்றாள்.

மறுநாள் செய்தியில் நாலு பேர் என்று வந்தது. என் வீட்டுக்காரர் அதே ஆலையில் மூட்டை ஏற்றுபவர். நூலை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கிடங்குக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தார்கள் என்று அவர்தான் சொன்னார். மிச்சம் பதினைந்து பேரும் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டதாக ஆலைப் பதிவேட்டில் எழுதினார்களாம். "நீ இதப் பேசினா இருபதாவது நான்தான்" என்றார். மடங்காமல் இருந்த அந்தச் சுண்டுவிரல் என் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் நோயில் போய்ச் சேர்ந்த பிறகும் மூடிய வாய் மூடியபடியே இருந்தது.

மாப்பிள்ளை சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "எழுதட்டுமா அத்தை?" என்றார்.

"எழுதுங்க. யாரு படிக்கப்போறா? கண்ணு தெரியாம கண்ணாடி வாங்க வர்றவன்தான படிப்பான்."

எழுதினார். 'நூல் ஆலைக் கிடங்கில் தீ. வெளியே பூட்டிய கதவுக்குள் பத்தொன்பது பேர் பலி.' பென்சிலால் அளந்து பார்த்தார். "கரெக்டா ஒரு வரி" என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். கூறுகெட்டவள்.

அடுத்த நாள் பத்து மணிக்குள் அலுவலகத்துக்கு ஓர் அம்மாள் வந்துவிட்டாளாம், கையில் பழைய போட்டோவோடு. "என் தம்பி வெளியூர் போயிட்டான்னு சொன்னாங்க தம்பி. நாப்பது வருஷமா லெட்டர் போடல. உங்க பத்தொம்பதுல அவன் இருக்கானா?" என்று கேட்டாளாம்.  மூன்று நாளில் பதினொரு பேர் வந்தார்கள், பதினொரு போட்டோ. ஒரு வக்கீல் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து எடுத்துப் போய் வழக்குப் போட ஏற்பாடு செய்தார். ஆலையை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ஆசிரியர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "யார் சொல்லி எழுதினே?" என்று கேட்டார். இவர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. நான்தான் திறந்தேன். வெள்ளைச் சட்டை, மடக்கிய குடை, கையில் ரிப்பன் கட்டிய கேக் பெட்டி.

"தபால் முத்திரைப் பெண்மணி வீடு இதானே? பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வந்தேன். மூணு நாள் லேட்டாயிடுச்சு, தப்பா நினைக்காதீங்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். மகள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதான் பெத்தவங்களா? எந்த ஆஸ்பத்திரில பெத்தீங்கம்மா?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியது, உள்ளறையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் முகம். அப்படி ஒரு வெளிறிய முகத்தை நான் பார்த்ததில்லை. பேத்தியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க சார். ரொம்ப வருஷமா."

"அப்படியா? பெல் அடிச்சதும் கதவத் தொறந்தாங்களே?"

"பெல்லு... பெல் அடிச்சா லைட்டு எரியுற மாதிரி வச்சிருக்கோம் சார்."

எந்த லைட்டும் இல்லை. வந்தவர் மேலே பார்த்தார். கூடத்து விளக்கு நல்லவேளையாக எரிந்துகொண்டிருந்தது. நான் எதுவும் புரியாதவள் போல முறத்தை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினேன். ஆத்திரமாக வந்தது. என் காது பாம்புக் காது. ஆனால் அவர் குரல் நடுங்குவதைக் கேட்டபோது ஆத்திரம் பயமாக மாறிவிட்டது.

எனக்குப் பின்னால் டம்ளர் தரையில் விழுந்தது. மாப்பிள்ளை அவருக்கு டீ கொடுத்த எவர்சில்வர் டம்ளர், கல் தரை. அந்தச் சத்தத்துக்குக் கட்டடமே திரும்பிப் பார்த்திருக்கும். வந்தவர் வேண்டுமென்றே போட்டார். என் கழுத்து நரம்பெல்லாம் திரும்பு திரும்பு என்று இழுத்தது. விரல் நகத்தைப் பூண்டுப் பல்லுக்குள் அழுத்தினேன். அழுத்தியதில் நகக்கண் எரிந்தது. டம்ளர் உருண்டு என் காலில் வந்து இடித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். "அய்யய்யோ, டீ கொட்டிருச்சா?" என்று செவிடர் பேசுகிற மாதிரி கத்தினேன்.

"பாவம்" என்றார் அவர். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "யாரு தம்பி சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல சார். ஒரு வரி குறைஞ்சுது. நானே போட்டேன்."

"போட்டது சரி. அது என்ன கணக்கா பத்தொம்பது?"

"நாலுன்னு போட்டா வரி நெறையல சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், முதுகு வேர்க்காமல் இருந்தால்.

"ரொம்ப நல்லது. இதையே ஒரு தாள்ல எழுதி, நானே கற்பனையா போட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். வழக்குப் போடுற வக்கீல்கிட்ட காட்ட எங்க ஆலைக்கு அது போதும்." எழுந்து குடையை எடுத்தார். "உங்க கட்டத்துல மூணு பிரிவு இருக்குல்ல தம்பி? நிகழ்வு போட்டீங்க, பிறப்பு போட்டீங்க. மூணாவது என்னது?"

மாப்பிள்ளை வந்து என் காலடியில் கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"கேக்க சாப்பிடுங்க, கெட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கேக்கை யாரும் தொடவில்லை. பெட்டியோடு குப்பைக் கூடைக்குப் போனது. பிறகு ஆறு நாள். எதிரே டீக்கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் காலையில் வந்து நிற்கும், விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போகும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் அதில் உட்கார்ந்து எங்கள் ஜன்னலைப் பார்ப்பான். ஜன்னலைச் சாத்தினால் சந்தேகம் வரும் என்று மாப்பிள்ளை சாத்த விடவில்லை. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவேன். மகளின் பேருக்குத் தபால் அலுவலகத்துக்கே ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரே வரி: 'தபால் முத்திரைப் பெண்மணி ஒருவர்.' அதை அவளே முத்திரை குத்தித் தனக்கே எடுத்துவந்திருக்கிறாள். பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பிரஷர் குக்கர் விசில் அடித்தால் நாலு பேரும் ஒன்றாக விலுக்கென்று நிமிர்வோம், பிறகு நான் மட்டும் நிமிராதது போலக் குனிந்துகொள்வேன்.

மாப்பிள்ளையின் பெரிய பயம் வேறு. "தப்பு பண்ணிட்டேன் அத்தை. ரெண்டு வரியும் ஒரே கட்டத்துல போட்டுட்டேன். அன்னிக்குப் பொறந்தவ யாருன்னு போட்டாச்சு. அவளப் பெத்தவங்க அன்னிக்கு எங்க படுத்திருந்தாங்கன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆஸ்பத்திரிலயும் ஒரு பதிவேடு இருக்கும்ல?"

"இருக்கட்டும். நானே போய்ச் சொல்றேன். நான் பாத்தேன், நான் எண்ணினேன். இந்த வயசுல என்னை என்ன பண்ணிடுவான்?"

"உங்கள ஒண்ணும் பண்ண மாட்டான். உங்களப் பேசவிடாம பண்றதுக்கு உங்க பேத்திய ஏதாவது பண்ணுவான்."

முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அப்ப கையெழுத்துப் போட்டுடுங்க மாப்பிள்ளை. ஒரு கையெழுத்து. ஊர்ல எவன் பொய்க் கையெழுத்து போடல?"

அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். முதல்நாள் வந்த அம்மாள் கொடுத்தது. மீசை முளைக்காத பையன், யாரோ ஒருவரின் பெரிய சட்டை. "இந்த அம்மா தினமும் வந்து உக்காருறாங்க அத்தை. நாப்பது வருஷம் கழிச்சு இப்பதான் அழ ஆரம்பிச்சிருக்காங்க. நான் கையெழுத்துப் போட்டா மறுபடி தம்பி வெளியூர் போயிடுவான்" என்றார்.  பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மனிதர் பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் வழக்கம்போல அலுவலகம் போனவர் பதினோரு மணிக்கு முன்னால் திரும்பி வந்தார். என் பக்கத்தில் கீழே உட்கார்ந்து பூண்டு உரிக்கிறவர் போல முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு எங்கள் இரண்டு பேர் முதுகும்தான் தெரியும்.

"வாய அசைக்காம கேளுங்க அத்தை. நான் போறேன்."

"எங்க?"

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது. தெரியாததத்தான் நீங்க நல்லா சொல்லுவீங்க. கையெழுத்துப் போடுற கை ஊர்ல இல்லன்னா அவங்ககிட்ட தாள் இல்ல. நான் இங்க இருந்தா தினம் இந்த வாசலுக்குத்தான் வருவாங்க. நான் போயிட்டா, பொய் எழுதினவன் பயந்து ஓடிட்டான்னு ஊரே சொல்லும். சொல்லட்டும். அப்படிச் சொல்ற வரைக்கும் உங்களத் தேடி யாரும் வர மாட்டாங்க."

"நீங்க எழுதினது பொய் இல்லையே."

"அதான் அட்டைல ஏத்திட்டேன்." முதல்முறையாக அந்த முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது. "காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி. மையில, நிகழ்வுகள் பகுதியில, மத்த வரிங்களுக்கு நடுவுல. பழைய பேனா வச்சு எழுதினேன், எல்லாம் ஒரே கை மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் என் எடத்துல யாரு வந்தாலும் பாத்து எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. நான் யாரையாவது கேட்டிருக்கேனா?"

"அவகிட்ட சொன்னீங்களா?"

"கவுண்டருக்குப் போயிட்டுதான் வர்றேன். முத்திரை குத்திக்கிட்டே கேட்டா. நிமிர்ந்து பாக்கல. பாத்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

பேத்தியைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். இன்றைக்கு யார் பிறந்தார்கள் என்று கேட்டாள் அவள். ஏதோ ஓர் ஓவியர் பேரைச் சொன்னார். இரண்டு சட்டையைச் சாப்பாட்டுப் பையில் திணித்து, மேலே டிபன் டப்பாவை வைத்து மூடினார். அலுவலகத்துக்குத் திரும்பப் போகிறவர் மாதிரியே இருந்தது.

நான் துடைப்பத்தைத் தேடி எழுந்தேன். பழக்க தோஷம். நாய் இருக்குமே கீழே.

"வேணாம் அத்தை. உக்காருங்க. இன்னிக்கு நீங்க எறங்கக் கூடாது. நான் போனத நீங்க கவனிக்கவே இல்ல. உங்களுக்குக் காது கேக்காது, ஞாபகம் வச்சுக்குங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"அடுத்த வருஷம் இந்தக் கட்டம் வர்ற வரைக்கும்" என்றார். கதவைத் திறந்தார். சாத்தினார்.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மூன்று மாடியும் அவருடைய செருப்புச் சத்தத்தை எண்ணினேன். ஒரு மாடிக்குப் பதினாறு படி. இரண்டாவது மாடி. முதல் மாடி. கடைசிப் படிக்கு முன்னால் சத்தம் நின்றுவிட்டது. நாய் உறுமியது. ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்த நாய் என் குரலுக்கு ஒதுங்கும். கொடுக்க முடியாது. இன்னொரு உறுமல். பிறகு செருப்பு மறுபடியும் நடந்தது, தாண்டி, தெருவுக்குள், டீக்கடைப் பக்கம், மெதுவாக. ஓடவில்லை.

எதிரே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் திறந்தே இருந்தது. கையிலிருந்த பூண்டுப் பல்லை உரித்து முறத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். நான் திரும்பவில்லை.